பெட்ரோல் வாடை அடிக்கும் பிக்கப்: எப்போது அடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

வண்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். பிரேக்கையும் பெட்ரோல் வாடையையும் தள்ளிப்போடக் கூடாது. இங்கே அமெரிக்காவின் மிஷிகனில் எனக்குத் தெரிந்த நம்மவர்கள் சிலர் பனி தள்ளவும் மரம் ஏற்றவும் படகு இழுக்கவும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் "ஆமா, லேசா பெட்ரோல் வாடை வரும், பழைய வண்டிதானே" என்கிறார்கள். பழைய வண்டி என்றால் வாடை வரத்தான் செய்யும் என்று எந்த விதியும் இல்லை. ஒழுங்காக இருக்கும் வண்டி இருபது வருடம் ஓடியிருந்தாலும் பெட்ரோல் அதிலிருந்து வெளியே வராது, ஆவியாகக்கூட வராது, அப்படித்தான் அதை மூடி வைத்திருக்கிறார்கள். வாடை வருகிறது என்றால் எங்கோ ஓர் இடம் திறந்துவிட்டது.

நம்மூரில் பிக்கப் என்றாலே டீசல்தான், அதனால் ஊரில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த அவசரம் சட்டென்று புரியாது. டீசல் ஒழுகினால் தரையில் கறை விழும், கை வழவழக்கும், தீப்பிடிக்க அதற்கு நல்ல சூடு வேண்டும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். வீட்டோடு ஒட்டிய கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் சின்னத் தீ எங்கே எரிகிறது என்று குனிந்து பாருங்கள். வாடை வரும் வண்டியை ஏன் கராஜுக்குள் விடக் கூடாது என்பது புரிந்துவிடும்.

எனவே வேறெதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். வண்டியை வெளியே, வீட்டை விட்டுத் தள்ளி, சமதரையில் நிறுத்துங்கள். அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள், மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கசிவு எஞ்சின் பக்கம் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாய், இருக்கிறது, பெட்ரோலைப் பொறியே இல்லாமல் பற்றவைக்க அதன் சூடு போதும். சொட்டு இல்லை, வாடை மட்டும்தான் என்றால் மேலே படியுங்கள்.

வேலை செய்யும்போது எல்இடி டார்ச் மட்டும் போதும். கம்பிக்கூண்டுக்குள் குண்டு பல்பு போட்ட பழைய கைவிளக்கை எடுக்காதீர்கள், அது கைதவறி விழுந்து உடைந்தால் உள்ளே இருக்கும் இழை ஒன்றே போதும். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் வையுங்கள். கீழே படுப்பதாக இருந்தால் ஜாக்கை நம்ப வேண்டாம், ஸ்டாண்ட் போடுங்கள்.

சரி, வாடை வண்டியிலிருந்துதான் வருகிறதா?

சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பிக்கப்பின் பின்தட்டில் புல்வெட்டிக்கு வாங்கிய பெட்ரோல் கேன், பனி ஊதும் எந்திரம், ஜெனரேட்டர், ரம்பம் என்று ஏதாவது ஒன்று கிடக்கும். டூல் பாக்ஸுக்குள் வைத்து மறந்த அரை லிட்டர் கேனின் மூடி வெயிலில் விம்மிக் கசிந்தால், ஓட்டுநர் இருக்கை வரை வாடை வரும். ஷூ அடியையும் மிதியடியையும் பாருங்கள், பங்கில் சிந்தியதை மிதித்துவிட்டு ஏறியிருந்தால் இரண்டு நாள் கேபின் மணக்கும்.

கேன் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்தட்டில் வைத்தபடியே கேனில் பெட்ரோல் பிடிக்காதீர்கள். தட்டில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால், பெட்ரோல் பாயும்போது கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் நிற்கும், பம்பின் மூக்கு பட்டதும் பொறி தட்டும். கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

எப்போது வருகிறது?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது இங்கே வண்டி பழுது பார்க்கும் ஒரு தம்பி. நான் மூன்று மாதம் அலைந்துவிட்டுப் போனபோது பானெட்டைக்கூடத் திறக்காமல் கேட்டான்: "அண்ணே, எங்கேருந்து வருதுன்னு யோசிக்காதீங்க. எப்போ வருதுன்னு சொல்லுங்க." என்னால் சொல்ல முடியவில்லை. வாடை வருகிறது என்பது மட்டும்தான் தெரியும், எந்த நேரம், டேங்கில் எவ்வளவு, ஃபேன் ஓடியதா, எதையும் கவனித்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்தேன். கோளாறு இருந்த இடம் அந்தச் சீட்டில்தான் கிடைத்தது. நீங்களும் குறித்து வையுங்கள். பெட்ரோல் போட்ட உடனேயா, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதா, ஓட்டி நிறுத்திய பிறகா, ஓடும்போதா, ஃபேனைப் போட்டால் மட்டுமா?

கேபினுக்குள் மட்டும் வாடை வருகிறது

முன்பக்கமா பின்பக்கமா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெளிக்காற்று கேபினுக்குள் வருவது முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் இருக்கும் இடத்துத் துளைகள் வழியாக, அதாவது எஞ்சினுக்கு நேர் பின்னால். வண்டி நிற்கும்போது ஃபேனை வெளிக்காற்றில் வைத்தால் வாடை கூடுகிறது, உள்சுழற்சிக்கு மாற்றினால் குறைகிறது என்றால் கசிவு எஞ்சின் பக்கம். அதுவே ஃபேனுக்கும் வாடைக்கும் சம்பந்தமே இல்லாமல், ஓடும்போது பின்கண்ணாடியின் நகரும் துண்டைத் திறந்தால் கூடுகிறது என்றால் டேங்க் பக்கம் பாருங்கள். வேகமாகப் போகும் பிக்கப்பின் கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பும், பின்னால் இருப்பது எதுவோ அதை அது உள்ளே கொண்டுவந்துவிடும். கேபின் தரையில் ஒயர் போகும் ஓட்டைகளின் ரப்பர் அடைப்பு கழன்றிருந்தாலும் அடியில் ஓடும் பைப்பின் வாடை நேராக மேலே வரும்.

ரப்பரை மாட்டி வாடையை நிறுத்தினால் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கசிவு அப்படியேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பெட்ரோல் போட்டதும் வருகிறது, டேங்க் குறையக் குறைய நின்றுவிடுகிறது

இந்த அடையாளம் பிக்கப்பில் அதிகம் வரும், என் வண்டியிலும் இதுதான். டேங்கின் மேல்பாதியில் இருக்கும் ஏதோ ஒன்று கசிகிறது, பெட்ரோல் மட்டம் அதுவரை ஏறும்போது மட்டும். மேல்பாதியில் இருப்பவை சில சாமான்கள்தான்: ஊற்றும் குழாயும் அதன் ரப்பர் ஹோஸும், பக்கத்திலேயே போகும் மெல்லிய காற்று ஹோஸ், ஃப்யூவல் பம்ப் உட்கார்ந்திருக்கும் பெரிய வாய், ஆவிக் குழாய்கள்.

மூடியிலிருந்து தொடங்குங்கள், பார்க்க ஒரு நிமிடம்தான். ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்துங்கள், குழி விழுந்து மெதுவாக நிமிர்ந்தால் நல்லது. கல் போல இருந்தாலோ வெடிப்பு ஓடியிருந்தாலோ மூடியை மாற்றுங்கள். மாற்றியும் வாடை வந்தால் இன்னொரு மூடி வாங்கக் கிளம்ப வேண்டாம்.

அடுத்து பின்சக்கர வளைவுக்குள் தலையை விட்டு, ஊற்றும் குழாயைப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு அந்தக் குழாய்க்குப் பின்னால்தான் போய் அடைகிறது. மிஷிகன், ஒகாயோ மாதிரிப் பனிப் பிரதேசங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு போடுகிறார்கள், அது இரும்பைத் தின்பது வெளியில் தெரிவதைவிட இந்த மாதிரி மறைவிடங்களில்தான் அதிகம். துரு ஊதிப் பருத்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லத் தட்டுங்கள், பொத்தென்று உள்ளே போனால் குழாய் போய்விட்டது. ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தால் வளைவின் உட்புறத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் பம்பின் வாய். அது டேங்கின் உச்சியில், பின்தட்டின் தரைக்குக் கீழே இருப்பதால் கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நான் ஏமாந்தது இங்கேதான். வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் சின்னக் கசிவு என்று வந்ததை வைத்து மூடியை இரண்டு தடவை மாற்றினேன், ஒரு கடையில் சொன்னார்கள் என்று பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியையும் மாற்றினேன், வாடை போகவில்லை. சீட்டில் குறித்ததைப் பார்த்தபோதுதான், முக்கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் ஒரு நாள்கூட வாடை வரவில்லை என்பது கண்ணில் பட்டது. தட்டைத் தூக்கிச் சாய்த்துவிட்டுப் பார்த்தால் டேங்கின் மேல் விரல் கனத்துக்குக் காய்ந்த மண். பம்பின் வாயைச் சுற்றிலும் அதே மண், ஓர் ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கழுவிவிட்டது போல் சுத்தமாக, கறுப்பு பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தது. நிறைந்த டேங்க் வளைவில் திரும்பும்போதெல்லாம் பெட்ரோல் அங்கே எட்டிப் பார்த்து மண்ணைக் கழுவியிருக்கிறது. பூட்டு வளையம் துருவேறி உப்பி, அந்தப் பக்கம் மட்டும் மேலே எழும்பியிருந்தது, அடியில் இருந்த ரப்பர் ஓரிங் ஒரு பக்கம் உருண்டையாகவும் மறுபக்கம் நாடா போல் தட்டையாகவும் வெளியே வந்தது. பெட்ரோல் கசியும் இடத்தை நனைந்த இடமாகத் தேடாதீர்கள். அது நொடியில் காய்ந்துவிடும். சுற்றிலும் அழுக்காக இருக்க, காரணமில்லாமல் சுத்தமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

தட்டைத் தூக்குவதா, டேங்கை இறக்குவதா?

டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தால் நான் தட்டைத்தான் தூக்கச் சொல்வேன். நூறு லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே எழுபது கிலோவுக்கு மேல், அதை ஜாக்கில் வைத்துத் தடுமாறுவது ஆபத்தான வேலை. பின்தட்டு பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு போல்ட்டில் சேசிஸோடு நிற்கிறது. முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். ஊற்றும் வாயைத் தட்டோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், பின்விளக்கு ஒயர், எர்த் ஒயர் இவற்றை மறக்காமல் கழற்றுங்கள், இல்லாவிட்டால் தட்டைத் தூக்கும்போது அறுந்து வரும். முழுதாகத் தூக்க நாலு ஆள் வேண்டும். ஒரு பக்க போல்ட்டுகளை முழுக்கக் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் விட்டு, சாய்த்துத் தூக்கி மரக்கட்டை முட்டுக் கொடுத்தால் இரண்டு பேரே போதும். முட்டு நகராமல் கட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும்.

எதைக் கழற்றுவதற்கும் முன்னால் பைப்பில் இருக்கும் அழுத்தத்தை இறக்குங்கள். ஃப்யூவல் பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினைக் கிளப்புங்கள், அது கொஞ்சம் ஓடித் தானாக நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டேங்கின் மேலிருக்கும் மண்ணைச் சுத்தமாகத் துடைத்த பிறகே வாயைத் திறக்க வேண்டும், ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலும் புதுப் பம்பைக் கெடுக்கும். பூட்டு வளையத்தை இரும்பு உளி வைத்துத் தட்டாதீர்கள். பித்தளைத் தண்டோ கெட்டி மரமோ வையுங்கள், பொறி வராது. பழைய ஓரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை பெட்ரோலில் ஊறி வெளியே வந்த ஓரிங் உப்பிவிடும், பள்ளத்தில் சரியாக உட்காராது.

பெட்ரோல் போட்ட பிறகு வாடையும் வருகிறது, ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கிறது

இரண்டும் சேர்ந்தால் விஷயம் வேறு. டேங்கில் எழும் ஆவியைக் காற்றில் விடாமல் கரி நிரப்பிய ஒரு பெட்டியில் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரிப்பதுதான் ஏற்பாடு. உறிஞ்சும் வழியைத் திறந்து மூடுவது பர்ஜ் வால்வு. அது மூடாமல் நின்றுவிட்டால், புதிதாக நிரப்பிய டேங்கின் ஆவி எல்லாம் நேராக எஞ்சினுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பங்கில் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நீளமாகச் சுற்றும், கிளம்பியதும் தள்ளாடும், பெட்ரோல் நெடி அடிக்கும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். அடுத்த முறை நிரப்பும் வரை மறந்தும் போவோம்.

சோதிப்பது சுலபம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி ஐடிலில் விட்டு, பர்ஜ் வால்வில் டேங்கிலிருந்து வரும் ஹோஸை மட்டும் கழற்றி, அந்த வாயில் விரலை வையுங்கள். அந்த நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். அது விரலை உறிஞ்சி இழுத்தால் வால்வு திறந்தே நிற்கிறது, மாற்றுங்கள். இரண்டு ஹோஸ், ஒரு ஒயர் பிளக், ஒரு போல்ட், பத்து நிமிட வேலை. ஸ்கேனரில் இதற்கு பி0496 என்ற கோளாறு எண் வரலாம், அதாவது உறிஞ்சக் கூடாத நேரத்தில் உறிஞ்சுகிறது.

கரிப்பெட்டியைக் கெடுப்பது நம் கைதான். பம்ப் மூக்கு டக்கென்று நின்ற பிறகும் "இன்னும் ஒரு டாலருக்கு" என்று அழுத்தி அழுத்தி ஊற்றினால், ஆவி போகவேண்டிய குழாயில் பெட்ரோலே போய் கரியை நனைக்கிறது. ஆவியைப் பிடிக்கும் கரி, பெட்ரோலில் ஊறிவிட்டால் ஒன்றையும் பிடிக்காது. பெட்டியைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்டாலோ கரித்தூள் கொட்டினாலோ மாற்றத்தான் வேண்டும். முதல் டக் வந்ததும் நிறுத்துங்கள்.

குளிர்காலக் காலையில் கிளப்பும்போது மட்டும்

இங்கே ஒரு சின்ன நிதானம் தேவை. மைனஸ் இருபதில் எஞ்சினைக் கிளப்பும்போது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பெட்ரோலை அதிகம் விடும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகாமல் வேலை செய்யாது, ஆகவே முதல் ஒன்றிரண்டு நிமிடம் சைலன்ஸர் பக்கம் கொஞ்சம் நெடி வருவது இயல்பு. பின்னால் நின்றால் வருகிறதா, பானெட் பக்கம் நின்றால் வருகிறதா என்று மோந்து பாருங்கள். பானெட் பக்கம் என்றால் அது இயல்பு அல்ல.

குளிரில் ரப்பர் சுருங்கி விறைக்கும், எஞ்சின் சூடானதும் விரிந்து இறுகும். அதனால்தான் இந்தக் கசிவு காலையில் வந்து பத்து நிமிடத்தில் மறைகிறது, வொர்க்ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகையால் காலையிலேயே, எஞ்சினைக் கிளப்பாமல் பாருங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பம்ப் இரண்டு விநாடி ஓடி பைப்பை அழுத்தத்துக்குக் கொண்டுவரும். மூன்று நான்கு தடவை அப்படிச் செய்துவிட்டு, வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடித்து, எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும், பைப் இணைப்புகளிலும் சுற்றி ஒற்றி எடுத்து மோந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

இன்ஜெக்டருக்கு இரண்டு ஓரிங். மேலே, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலில் உட்காருவது கசிந்தால்தான் பெட்ரோல் வெளியே வரும். கீழே இருப்பது போனால் காற்று உள்ளே போய் ஐடில் தடுமாறும், வாடை வராது. ஒன்று கசிந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், எல்லாம் ஒரே வயதுதானே. மாட்டும்போது சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுத் தடவுங்கள், காய்ந்தபடி தள்ளினால் ஓரிங் கிழியும். ரெயிலின் ஓரத்தில் அழுத்தம் அளக்க டயர் ட்யூப் வால்வு மாதிரி ஒரு முனை இருந்தால் அதன் மூடியைக் கழற்றி மோந்து பாருங்கள், அந்த வால்வும் கசியும், யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

ஓட்டி நிறுத்திய பிறகு, சூட்டில் வருகிறது

எஞ்சினை நிறுத்தியதும் பானெட்டுக்குள் சூடு குறையாது, முதலில் ஏறும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும், மிதவையின் ஊசி சரியாக அடைக்காவிட்டால் வழியும். கிண்ணத்தின் கேஸ்கெட்டையும் ஊசியையும் பாருங்கள்.

இன்ஜெக்ஷன் வண்டியில், ரெயிலின் முனையில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் வட்டமான ரெகுலேட்டரும் அதிலிருந்து காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய வேக்குவம் ஹோஸும் இருந்தால், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். அதில் ஒரு துளி பெட்ரோலும் இருக்கக் கூடாது. ஈரமோ நெடியோ இருந்தால் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. புதிய வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே பம்போடு இருக்கும், அங்கே இந்தச் சோதனைக்கு இடமில்லை.

அழுத்தமானி கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண இன்ஜெக்ஷனில் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருக்கும், உங்கள் வண்டியின் சரியான அளவை மேனுவலில் பாருங்கள். எஞ்சினை நிறுத்தியதும் முள் சில நிமிடங்களில் சரிந்து விழுந்தால் எங்கோ இறங்குகிறது. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பழுதானாலும் முள் விழும், ஆனால் அப்போது பெட்ரோல் டேங்குக்கே திரும்புகிறது, வாடை வராது. முள்ளும் விழுந்து வாடையும் வந்தால் இன்ஜெக்டர், ரெகுலேட்டர், பைப் இணைப்பு இந்த மூன்றில் ஒன்று.

சைலன்ஸரில் பச்சைப் பெட்ரோல் நெடி

எரியாத பெட்ரோல் வெளியே போகிறது. கருப்புப் புகை, மைலேஜ் குறைவு, ஸ்பார்க் பிளக்கில் கரி, இவை கூடவே வரும். அமெரிக்காவில் விற்ற 1996 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வண்டி என்றால் டாஷ்போர்டின் அடியில் ஸ்கேனர் சொருகும் வாய் இருக்கும். பி0172, பி0175 இரண்டும் பெட்ரோல் அதிகம் என்று சொல்பவை, முதலாவது ஒரு பக்கச் சிலிண்டர்களுக்கு, இரண்டாவது மறுபக்கத்துக்கு. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து இன்ஜெக்டரைச் சந்தேகப்படுங்கள். இரண்டும் வந்தால் இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: ரெகுலேட்டர், திறந்து நிற்கும் பர்ஜ் வால்வு, அழுக்கான காற்றளவு சென்சார், எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது என்று தப்பாகச் சொல்லும் வெப்ப சென்சார்.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்கள். ஏதோ சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போய் கேட்டலிட்டிக்கில் எரிகிறது, அது பழுக்கக் காய்ந்து உருகும். காய்ந்த புல்லின் மேல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை

குச்சியை எடுத்து மோந்து பாருங்கள், மட்டத்தையும் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. குளிர்காலத்தில் இரண்டு மூன்று மைல் மட்டுமே ஓட்டி நிறுத்தும் வண்டியில் லேசாக இருக்கும், வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டினால் ஆவியாகிப் போய்விடும். மட்டமே ஏறியிருந்தால் ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஒழுகும் இன்ஜெக்டரோ, பழைய வண்டியில் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பம்பின் கிழிந்த ஜவ்வோ காரணமாக இருக்கும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

எப்போதும் வருகிறது, ஓடினால் கூடுகிறது

டேங்கிலிருந்து எஞ்சின் வரை சேசிஸின் உள்பக்கமாகப் போகும் பைப்பைத்தான் பார்க்க வேண்டும். இரும்புப் பைப் என்றால், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் சேறு அடைந்து அங்கேதான் முதலில் அரிக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் படுக்காதீர்கள். முன்பு சொன்னபடி சாவியை ஆன் செய்து அழுத்தம் ஏற்றிவிட்டு, டார்ச்சை அடித்துப் பைப்பின் ஓரமாகவே பார்வையை நகர்த்திக்கொண்டு போங்கள். ஊசி முனை ஓட்டை என்றால் மெல்லிய தூவல் சேசிஸில் விசிறி போல ஒரு தடம் விட்டிருக்கும். நைலான் பைப் என்றால் எலி கடித்ததா பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரித்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டு, கடையில் கிடைத்த ஏதோ ரப்பர் ஹோஸை மாட்டி, திருகு கிளாம்பை இறுக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று வண்டியை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹோஸின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். எஸ்ஏஇ 30ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தத்துக்கு, 60 பிஎஸ்ஐ போகும் இன்ஜெக்ஷன் பைப்பில் அது தாங்காது. 30ஆர்9 என்றிருக்க வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு 30ஆர்10. முடிந்தால் ஹோஸே வேண்டாம், துருவேறாத நிக்கல் செம்புப் பைப்பை முழு நீளத்துக்கும் போடுங்கள், ஒரு இடம் அரித்திருந்தால் பக்கத்து இடமும் அடுத்த குளிர்காலத்தில் அரிக்கும்.

நீங்கள் தொடக் கூடாதவை

எஞ்சினின் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை என்றால், மேலே இருக்கும் எஃகுப் பைப்புகளைத் தளர்த்தாதீர்கள். அதில் அழுத்தம் 2000 பிஎஸ்ஐக்கு மேல் போகும், தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் வைக்க எவரிடமும் கொடுக்காதீர்கள், காலி டேங்கில்தான் ஆவி அதிகம். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, பி0442 அல்லது பி0456 மட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் புகைச் சோதனைக்குப் போங்கள். பி0442 சுமார் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையைச் சொல்கிறது, பி0456 அதில் பாதியை, அதைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம். வொர்க்ஷாப்பில் ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டு, எங்கே நூல் போல் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். என் வண்டியில் முதலிலேயே அதைச் செய்திருந்தால் கரிப்பெட்டிக்குக் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும்.

வேலை முடிந்த பிறகு

ஃப்யூஸை மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவியை ஆன், ஆஃப் என்று நான்கு தடவை திருப்பிவிட்டு, கை வைத்த ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, பானெட்டைத் திறந்து வைத்து இன்னொரு தடவை பாருங்கள். அன்று இரவு வண்டி வெளியிலேயே நிற்கட்டும், அடியில் புது அட்டை. காலையில் அட்டை காய்ந்திருந்தால் பங்குக்குப் போய், முதல் டக் வரை மட்டும் நிரப்பி, நாலைந்து வளைவுகள் உள்ள தெருவாகப் பார்த்து ஒரு சுற்று வாருங்கள். ஆவி அமைப்பைக் கம்ப்யூட்டர் தானே சோதித்துக்கொள்ளப் பல வண்டிகளில் டேங்க் முழுதாகவும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது, கிட்டத்தட்ட 15க்கும் 85 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டி, பாதி டேங்கில் ஸ்கேனரைச் சொருகிப் பாருங்கள். எண் திரும்ப வரவில்லை, நிறைந்த டேங்கிலும் வாடை இல்லை என்றால் வண்டியைக் கராஜுக்குள் விடலாம்.